வெட்டிய இடத்தில் ஒரு குறி

விக்கிப் பக்கம் ஒன்றிலிருந்து உள்ளடக்கத்தை எடுத்து வேறோரிடத்தில் பயன்படுத்துவது குற்றமன்று. அப்பக்கங்கள் அதற்காகவே எழுதப்படுகின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் அதற்கு வெளிப்படையாக இசைவு தருகிறது. எடுக்கும்போது சில பிரிவுகளை விட்டுவிடுவதற்கும் இசைவு தருகிறது. ஆகவே இங்கு எழும் கேள்வி சட்டத்தைச் சார்ந்ததன்று. ஒரு பக்கத்தின் ஏழு பிரிவுகளில் ஐந்தை எடுத்து இரண்டை விடுபவர், விட்டதைப் பற்றி வாசகரிடம் ஏதேனும் சொல்லக் கடமைப்பட்டவரா என்பதே கேள்வி. எடுத்ததற்கு மேற்கோள் காட்ட வேண்டும் என்னும் நெறி கல்விப்புலத்தில் வேரூன்றிவிட்டது. விட்டதற்குக் குறிப்புத் தரும் நெறி தமிழ் அச்சுப் பதிப்பின் தொடக்கக் காலத்திலேயே இருந்தது. விக்கி உள்ளடக்கத்தை மறுபயன்பாடு செய்யும் இக்காலத்தில்தான் அது காணாமற்போயிற்று. அதை மீட்டாக வேண்டும்.

இக்கேள்வியைப் பொதுப்படப் பேசினால் எல்லோரும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவர். ஓரிடத்தை வைத்துப் பேசுவது நல்லது. கொல்கத்தாவின் காளிகாட் அதற்கு ஏற்ற இடம்.

ஆதிகங்கை என்னும் பழைய நீரோட்டத்தின் கரையில் அமைந்தது காளிகாட். சக்தி பீடங்களுள் ஒன்றாகக் கருதப்படும் காளி கோயில் அங்குள்ளது. இன்று காணப்படும் கட்டடம் 1809இல் நிறைவுற்றது. ஆட்டுப் பலி இன்றும் வழக்கிலுள்ள கோயில் அது. கோயிலைச் சுற்றி 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்த ஓவிய மரபு, காளிகாட் ஓவியம் என்ற பெயரிலேயே உலக அருங்காட்சியகங்களை அடைந்தது. கோயிலை ஒட்டிய யாத்திரிகர் விடுதி ஒன்றில் 1952இல் அன்னை தெரசா ‘நிர்மல் ஹிருதய்’ என்னும் இறப்போர் இல்லத்தைத் தொடங்கினார். கொல்கத்தா என்னும் நகரப் பெயரையே இவ்வூரோடு இணைத்துப் பேசுவோர் பலர். தமிழ் வாசகருக்கு இவ்வூர் அத்துணை அந்நியமானதுமன்று. தமிழ்க் குடும்பங்கள் பல குடியேறிய லேக் மார்க்கெட் பகுதி அங்கிருந்து நடந்து செல்லும் தூரத்தில் உள்ளது.

இவ்வளவும் அடங்கிய ஒரு விக்கிப் பக்கத்தைக் கற்பனை செய்துகொள்வோர், அதை யார் யார் வெட்டுவர் என்பதையும் எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். யாத்திரை ஏற்பாடு செய்பவர் தலபுராணத்தையும் நடைதிறக்கும் நேரத்தையும் எடுத்துக்கொண்டு பலியை விடுவார். ஓவியக் கண்காட்சி நடத்துபவர் கோயிலை ஒரு வரியில் முடித்துவிட்டு ஓவியப் பிரிவை முழுதாக எடுப்பார். தொண்டு நிறுவனம் பற்றி எழுதுபவர் 1952ஐ எடுத்துக்கொண்டு, அதன்மேல் எழுந்த விமரிசனத்தை விடுவார். அல்லது விமரிசனத்தை மட்டும் எடுப்பார். இவர்களுள் எவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் மூலத்தில் உள்ளதே. சரிபார்ப்பவர் வாக்கியம் வாக்கியமாக ஒப்பிட்டால் பிழை ஒன்றும் அகப்படாது. பிழை இருப்பது வாக்கியங்களுக்கு இடையில்.

ஓவியப் பிரிவை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். வங்காளத்தின் ஊர்ப்புறங்களிலிருந்து வந்த பட்டுவா ஓவியர்கள் காளிகாட்டில் தங்கி, ஆலைத்தாளில் நீர்வண்ணத்தால் விரைந்து படம் வரைந்து, யாத்திரிகருக்குக் குறைந்த விலையில் விற்றனர். காளி, துர்க்கை, சிவன், கண்ணன் ஆகியோர் அவர்களது கைக்கு முதலில் வந்த பொருள்கள். ஆயினும் அவர்கள் அங்கு நிற்கவில்லை. தலைவாரி, காலணி பூட்டி, மனைவியிடம் துடைப்பத்தால் அடி வாங்கும் ‘பாபு’வை வரைந்தனர். நெற்றியில் வைணவச் சின்னம் இட்டுக்கொண்டு வாயில் இறாலைக் கவ்விய பூனையை வரைந்தனர்; போலித் துறவியைக் குறித்த ஏளனம் அது. 1873இல் தாரகேசுவரம் சிவன் கோயிலின் மகந்து, எலோகேசி என்னும் இளம்பெண்ணோடு கொண்ட தொடர்பும், கணவன் நவீன் அவளை வெட்டிக் கொன்றதும், அதைத் தொடர்ந்த வழக்கும் வங்காளத்தையே உலுக்கின. மகந்துக்குச் சிறை கிடைத்தது. அந்நிகழ்ச்சியின் ஒவ்வொரு கட்டத்தையும் காளிகாட் ஓவியர்கள் தாள்தாளாக வரைந்து விற்றனர். ஒரு கோயில் தலைவரின் குற்றத்தைக் காட்டும் படங்கள் மற்றொரு கோயிலின் வாசலில், சாமி படங்களோடு அடுக்கி விற்கப்பட்டன என்பது அந்த மரபைப் பற்றி அறிய வேண்டியவற்றுள் தலையாயது.

‘சமூகப் பொருள்கள்’ என்ற உட்பிரிவை மட்டும் நீக்கி ஓவியப் பிரிவை எடுத்தால் எஞ்சுவது பக்தி ஓவிய மரபு. ‘தெய்வ உருவங்கள்’ என்ற உட்பிரிவை நீக்கினால் எஞ்சுவது நையாண்டி மரபு. இரண்டும் தனித்தனியே முழுமையானவைபோல் தோன்றும். முதலாவதைப் படித்த மாணவர் காளிகாட் ஓவியத்தை ரவிவர்மாவின் சாமி படங்களோடு சேர்த்து வைப்பார். இரண்டாவதைப் படித்தவர் செய்தித்தாள் கேலிச்சித்திரத்தோடு சேர்த்து வைப்பார். ஒரே கை, ஒரே தாளின் முன், ஒரே நாளில் இரண்டையும் வரைந்திருக்கக்கூடும் என்ற எண்ணமே இருவருக்கும் எழாது. இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள பெருந்தொகுப்பு இரு வகைகளையும் கொண்டது. அத்தொகுப்பின் ஒரு பகுதி, ருட்யார்ட் கிப்ளிங் 1917இல் கொடையாக வழங்கியது. தொகுத்தவர்களே இரண்டையும் சேர்த்து வைத்திருக்க, படியெடுப்பவர்கள் பிரிக்கிறார்கள்.

நிர்மல் ஹிருதய் பற்றிய செய்தி இன்னும் நுட்பமானது. 1994இல் ‘லான்செட்’ மருத்துவ இதழின் அன்றைய ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் அந்த இல்லத்தைப் பார்வையிட்டு எழுதினார். நோயைக் கண்டறிவதில் உள்ள குறையையும், வலுவான வலி நீக்கி மருந்துகள் இல்லாமையையும் அவர் சுட்டினார். புண்களைக் கழுவிப் பேணுவது, தூய்மை, பரிவு ஆகியவற்றையும் அதே எழுத்தில் பதிவு செய்தார். போற்றுவோர் அவரை முற்றிலும் விட்டுவிடுகின்றனர். தூற்றுவோர் முதற் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விடுகின்றனர். விமரிசனத்தை விடுவது மட்டுமே நேர்மையின்மை என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். விமரிசனத்துக்குள்ளும் வெட்டு நிகழ்கிறது. அது பிரிவுத் தலைப்பு அளவில் நிகழாமையால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மொழியியல் பயின்றவர்களுக்கு இன்னும் உறுத்துவது பெயர்க்காரணப் பிரிவு. கொல்கத்தா, பழைய வழக்கில் ‘கலிகாதா’, என்னும் பெயர் காளி க்ஷேத்திரத்திலிருந்து வந்தது என்பது பெருவழக்கான கருத்து. கால்வாய் வெட்டியதோடு தொடர்புபடுத்துவோர் உளர். மொழியறிஞர் சுநீதி குமார் சட்டர்ஜி அப்பெயரைச் சுண்ணாம்பைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புபடுத்தினார். கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு செய்த இடம் என்பது அதன் பொருள். இவற்றுள் எது சரி என்பது இங்குப் பொருளன்று. ஒரு விக்கிப் பக்கம் இம்மூன்றையும் ‘என்பர்’, ‘என்று கருதப்படுகிறது’, ‘என்பது ஒரு கருத்து’ என்னும் முடிபுகளோடு தருகிறது எனக் கொண்டால், அதை எடுப்பவர் முதற் கருத்தை மட்டும் எடுத்து, ‘என்பர்’ என்பதையும் உதிர்த்துவிட்டு, ‘காளியின் பெயரால் இந்நகரம் பெயர்பெற்றது’ என முடிக்கிறார். மூன்று கருதுகோள்கள் ஓர் உண்மையாகிவிட்டன. தமிழில் ‘என்ப’ என்றும் ‘என்மனார்’ என்றும் பிறர் கூற்றைப் பிறர் கூற்றாகவே நிறுத்தும் வழக்கம் தொல்காப்பியத்தில் எவ்வளவு அடிப்படையானது என்பதை இலக்கண மாணவர் அறிவர். அவ்வொரு சொல்லை நீக்கினால் நூற்பாவின் பொருள் மாறாது. அறிவின் உரிமை மாறிவிடும். விக்கியிலிருந்து எடுக்கும்போது முதலில் உதிர்வது பெரும்பாலும் அச்சொல்தான்.

விடுவதே தவறு என்பது இங்கு வாதமன்று. விடாமல் எடுக்க இயலாது. விக்கியின் தொழில்நுட்பமே விடுதலை ஒரு வசதியாக வழங்குகிறது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன்தரும். ஏனெனில் நேர்மையான வெட்டு எப்படி இருக்கும் என்பதற்கான விடை அங்கேயே கிடைக்கிறது.

ஒரு பக்கத்தின் உள்ளடக்கத்தைப் படியெடுக்காமல், மற்றொரு பக்கத்தில் அப்படியே தோன்றச் செய்யும் முறைக்கு ‘டிரான்ஸ்குளூஷன்’ என்று பெயர். டெட் நெல்சன் உருவாக்கிய சொல் அது. தமிழில் உட்சேர்ப்பு எனலாம். மூலத்தில் ஒரு சொல் திருத்தப்பட்டால் சேர்க்கப்பட்ட இடத்திலும் அது திருந்திவிடும். இம்முறையில் சில பகுதிகளை விடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ‘நோஇன்குளூட்’ என்னும் குறிக்குள் ஒரு பகுதியை அடைப்பது. அடைத்த பகுதி மூலப் பக்கத்தில் தெரியும். வேறு பக்கத்துக்குப் பயணம் செய்யாது. இரண்டாவது, மூலத்தின் பகுதிகளுக்குப் பெயரிட்டு வைத்து, எடுக்கும் பக்கத்தில் ‘இந்தப் பெயருள்ள பகுதி தவிர மற்றவை’ என்று ‘எல்எஸ்டிஎக்ஸ்’ என்னும் கட்டளையால் சொல்வது.

இரண்டும் ஒரே விளைவைத் தருவனபோல் தோன்றினாலும், முடிவெடுப்பவர் யார் என்பதில் வேறுபடுகின்றன. முதலாவதில் எது வெளியே போகக்கூடாது என்பதை மூலப் பக்கத்தைத் தொகுப்பவர் முடிவு செய்கிறார். இரண்டாவதில் எடுப்பவர் முடிவு செய்கிறார். முன்னது நூலாசிரியர் அடைப்புக்குறிக்குள் இட்டு வைத்ததைப் போன்றது. பின்னது பதிப்பாசிரியர் நீக்கியதைப் போன்றது. பொறுப்பும் அதற்கேற்ப மாற வேண்டும். நடைமுறையில் வாசகருக்கு இரண்டுமே தெரிவதில்லை. பக்கம் முழுமையாகத் திறக்கிறது. நடுவில் ஒரு தழும்பும் இல்லை.

இரண்டாவது வழியில் ஒரு வேடிக்கையும் உண்டு. மூலப் பக்கத்தில் யாரேனும் அந்தப் பகுதியின் பெயரை மாற்றிவிட்டால், நீக்கச் சொன்ன பெயர் அகப்படாமையால், நீக்கப்பட வேண்டிய பகுதி சத்தமின்றி உள்ளே வந்துவிடும். குறிப்பிட்ட பகுதியை மட்டும் எடுக்கச் சொன்ன கட்டளையாயின் நேர்மாறாக, ஒன்றுமே வராது. மறைத்தது வெளிப்படுவதும், காட்ட விரும்பியது மறைவதும், எடுத்தவர் அறியாமலே நடந்தேறும். ஓலைச்சுவடியில் செல்லரித்ததை நினைவூட்டும் நிகழ்வு இது. இங்கே அரிப்பது செல்லன்று, நல்லெண்ணத்தோடு தலைப்பைச் செம்மை செய்த ஒரு தன்னார்வலர்.

இதே தொழில்நுட்பத்தை நேர்மையாகப் பயன்படுத்தும் இடம் விக்கிமூலம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாகக் கிடைத்த நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை தமிழ் விக்கிமூலத்தில் மின்வருடல்களாக ஏற்றப்பட்டன. ஒவ்வோர் அச்சுப் பக்கமும் தனி விக்கிப் பக்கமாக மெய்ப்புப் பார்க்கப்பட்டு, பிறகு இயலாகவோ நூலாகவோ உட்சேர்ப்பு முறையில் இணைக்கப்படுகிறது. அச்சுப் பக்கத்தின் மேலோடும் நூற்பெயரும், கீழுள்ள பக்க எண்ணும் விடப்படுகின்றன. ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு கட்டுரை முடிந்து மற்றொன்று தொடங்கினால், பகுதிப்பெயர் இட்டு வேண்டியது மட்டும் எடுக்கப்படுகிறது. இங்கும் வெட்டு நிகழ்கிறது. ஆயினும் இயலின் ஓரத்தில் உள்ள பக்க எண்ணைச் சொடுக்கினால் மின்வருடலின் அதே பக்கம் திறக்கும். விடப்பட்ட தலைப்பும் அடியெண்ணும் கறையும் கிழிசலும் அங்கே இருக்கும். வெட்டிய கத்தியும் வெட்டுப்பட்ட துண்டும் ஒரே மேசையில் வைக்கப்பட்டுள்ளன. நேர்மையான மறுபயன்பாட்டுக்கு இதைவிட நல்ல மாதிரி தேட வேண்டியதில்லை.

அதை விட்டு வெளியே வந்தால் நிலைமை வேறு. உட்சேர்ப்பு அங்கு இல்லை. படியெடுத்து ஒட்டுதல் மட்டுமே. இணைப்பும் அறுந்துவிடுகிறது, படியெடுத்த நாளில் பக்கம் உறைந்துவிடுகிறது. நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு, எஸ்ஓஎஸ் சில்ரன் என்னும் பிரித்தானிய அறக்கட்டளை வெளியிட்ட ‘பள்ளிகளுக்கான விக்கிப்பீடியா’. ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, சிறுவர்க்கு ஒவ்வாத பகுதிகளை நீக்கி, இணைய வசதியற்ற பள்ளிகளுக்கும் எட்டும்படி அதை வழங்கினார்கள். 2008-09 பதிப்பில் சுமார் 5,500 கட்டுரைகள் இருந்தன. மூலம் எது என்பதையும், சிறு மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளன என்பதையும் அவர்கள் சொன்னார்கள். அது பாராட்டுக்குரியது. ஆயினும் ‘சிறு மாற்றங்கள்’ என்னும் பொது அறிவிப்பு ஒரு குறிப்பிட்ட கட்டுரையில் எது போயிற்று என்பதைச் சொல்வதில்லை. ஆசிரியர் ஒருவர் அக்கட்டுரையை வகுப்பில் பயன்படுத்தும்போது, தம் மாணவரிடமிருந்து எதை மறைக்கிறோம் என்று அறியாமலே மறைக்கிறார்.

நல்ல நோக்கம் இல்லாதபோது என்ன நிகழும் என்பதற்கு ரஷ்யாவின் ‘ரூவிக்கி’ சான்று. 2023இல் ரஷ்ய மொழி விக்கிப்பீடியாவின் கட்டுரைகளைப் படியெடுத்து அது தொடங்கப்பட்டது. உக்ரைன் போர் போன்ற பொருள்களில் செய்திகள் நீக்கப்பட்டும் மாற்றப்பட்டும் உள்ளன. அங்கே மிகப் பெரும்பாலான கட்டுரைகள் தொடப்படாமல் அப்படியே உள்ளன என்பதே அதன் வலிமை. ஆயிரம் பக்கங்கள் மூலத்தோடு ஒத்திருப்பதைக் கண்ட வாசகர் ஆயிரத்தோராவது பக்கத்தை ஐயுறுவதில்லை.

உரிமம் இதைத் தடுக்காதா எனக் கேட்கலாம். விக்கிப்பீடியா 2009இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாறியது. 2023இல் அதன் நான்காம் பதிப்பை ஏற்றது. மூலத்தை மாற்றியிருந்தால் மாற்றியதைக் குறிப்பிட வேண்டும் என்று அவ்வுரிமம் கேட்கிறது. என்ன மாற்றப்பட்டது, எங்கே வெட்டப்பட்டது என்பதைச் சொல்லும்படி அது கேட்கவில்லை. ‘மாற்றப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல் போதும். ஆசிரியரின் உரிமையைக் காப்பது அதன் வேலை. வாசகரின் உரிமை அதன் எல்லைக்குள் வரவில்லை. உரிமத்தை நிறைவேற்றிவிட்டோம் என்று ஆறுதல் கொள்பவர், கேட்கப்படாத கேள்விக்கு விடை எழுதி மதிப்பெண் எதிர்பார்ப்பவர்.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் நிலைமையை மேலும் சிக்கலாக்குவது ஒத்துமை விழுக்காடு. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளின்படி 10 விழுக்காடு வரையிலான ஒத்துமைக்குத் தண்டனை இல்லை. அதற்குமேல் 40, 60 எனப் படிநிலைகள் உண்டு. களவை எடுத்த அளவால் அளப்பது அவ்விதி. எடுத்தவற்றுள் சிலவற்றை வெட்டினால் விழுக்காடு குறையும். காளிகாட் பற்றிய ஒரு பக்கத்தைத் தழுவி எழுதும் மாணவர், பெயர்க்காரணத்தின் மாற்றுக் கருத்துகளையும் ‘என்று கருதப்படுகிறது’ போன்ற தயக்கங்களையும் நீக்கினால், அவரது ஆய்வேடு விதியின் கண்ணில் மேலும் தூய்மையடைகிறது. அறிவின் கண்ணில் மேலும் கெடுகிறது. மென்பொருளுக்கு இருப்பதைத்தான் ஒப்பிடத் தெரியும். இல்லாததை ஒப்பிட மூலத்தைப் படித்த ஒரு மனிதர் வேண்டும். நெறியாளர் என்பவர் அதற்காகவே நியமிக்கப்பட்டவர்.

தமிழ்ப் பதிப்பு மரபில் இதற்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. 1894இல் அந்நூலைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் 269ஆம் பாடலை 267 என்று எண்ணி இடைவெளியை மூடிவிடவில்லை. எண்கள் நின்றன, பாடல்கள் இல்லை. சிதைந்த பாடல்களில் சொல் போன இடங்கள் புள்ளிகளாக நின்றன. பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் இறுதிப் பத்தும் கிடைக்கவில்லை. எட்டுப் பத்துகளை வைத்துக்கொண்டு நூலை ‘எட்டுப்பத்து’ ஆக்கவில்லை எவரும். இரண்டாம் பத்து இன்றும் இரண்டாம் பத்தே. கிடைக்காததற்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டமையால்தான், எவ்வளவு இழந்தோம் என்பது பள்ளி மாணவருக்கும் தெரிகிறது. அங்கே இழப்பு காலத்தின் செயல். விக்கிப் பக்கத்தில் வெட்டு ஒரு மனிதரின் விருப்பம். காலம் செய்ததற்கே குறியிட்ட மரபினர், தாமே செய்ததற்குக் குறியிட மறுப்பது விந்தை.

தேர்ந்தெடுத்த பகுதிகள் மூலத்தைவிட நெடுநாள் வாழ்ந்துவிடக்கூடும் என்பதும் தமிழ் அறிந்த உண்மை. புறத்திரட்டு என்னும் தொகைநூலின் தொகுப்பாசிரியர் பழைய நூல்கள் பலவற்றிலிருந்து பொருள்வாரியாகப் பாடல்களை எடுத்தார். பிற்காலத்தில் அந்நூல்களுட் சில அழிந்தன. முத்தொள்ளாயிரத்தில் இன்று எஞ்சியுள்ளவை நூற்றுக்குச் சற்று மேற்பட்ட வெண்பாக்களே. அவையும் பெரும்பாலும் புறத்திரட்டு தந்தவை. தகடூர் யாத்திரையின் துணுக்குகளும் அவ்வாறே. தொகுப்பாசிரியர் நூற்பெயரைக் குறித்து வைத்தமையால் எது எந்நூலின் பாடல் என அறிய முடிகிறது. எதை விட்டார், எந்த வரிசையிலிருந்து எடுத்தார் என்று அவர் குறிக்கவில்லை. மூலம் கையில் இருந்த காலத்தில் அது தேவைப்படும் என்று அவருக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை. முத்தொள்ளாயிரம் என்ற பெயர் 900 பாடல்களைக் குறிக்கிறதா 2,700 பாடல்களைக் குறிக்கிறதா என்பதிலேயே அறிஞர் கருத்து ஒன்றுபடவில்லை.

விக்கிப் பக்கம் அவ்வாறு அழியாது, அதன் வரலாற்றுப் பட்டியலில் ஒவ்வொரு திருத்தமும் சேமிக்கப்படுகிறது என்பது நியாயமான மறுப்பு. ஆனால் மூலம் அழிய வேண்டியதில்லை; வாசகர் அங்குச் செல்லாதிருந்தாலே போதும். யாத்திரைத் துண்டறிக்கையிலும், பாடநூலின் பெட்டிச் செய்தியிலும், தேடுபொறியின் உச்சியில் தோன்றும் மூன்று வரியிலும் காளிகாட்டைச் சந்திப்பவர் மூலத்துக்குச் செல்லக் காரணம் ஒன்றுமில்லை. மொழி மாதிரிகளுக்குப் பயிற்சித் தரவாக இணையம் வாரப்படும் இந்நாளில், மூலப் பக்கமும் வெட்டப்பட்ட படிகளும் ஒரே குவியலில் சேர்கின்றன. மூலம் ஒன்று, படிகள் பல. ‘காளியின் பெயரால் பெயர்பெற்றது’ என்பது ஐம்பது இடங்களிலும், சுண்ணாம்புக் கருத்து ஓரிடத்திலும் இருந்தால், எண்ணிக்கையை நம்பும் கருவி எதைத் திருப்பிச் சொல்லும் என்று விளக்க வேண்டியதில்லை. தமிழ் போன்று இணையத்தில் எழுத்து குறைவாக உள்ள மொழிகளில் இது இன்னும் கூர்மையாகிறது. ஒரு பொருளுக்கு ஒரே ஒரு நல்ல பக்கம் இருக்கும்போது அதன் வெட்டுப்பட்ட படிகளே பெரும்பான்மையாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் குறியிட்டால் பக்கம் குறிகளாலேயே நிரம்பிவிடாதா என்பது மற்றொரு மறுப்பு. கோயில் நடைதிறக்கும் நேரத்தைத் தேடுபவருக்குத் தாரகேசுவரம் வழக்கு எதற்கு? தேவையில்லைதான். நூறு சொற்களுக்குக் குறைந்த சுருக்கத்துக்கு எந்தக் குறியும் வேண்டியதில்லை. சுருக்கம் என்பதே விடுதலைப் பற்றிய அறிவிப்பு. பிரிவுத் தலைப்புகளோடு, முழுக் கட்டுரையின் தோற்றத்தோடு வெளியிடப்படுவதற்கே இந்நெறி பொருந்தும். கோருவதும் பெரிதன்று. ‘பெயர்க்காரணம், வழிபாட்டில் பலி ஆகிய பிரிவுகள் இங்கு விடப்பட்டுள்ளன’ என்று ஒரு வரி, எடுத்த நாள், அந்த நாளின் வடிவத்துக்கான நிலையான இணைப்பு. விக்கியின் ஒவ்வொரு பக்கத்திலும் அவ்விணைப்பு ஒரு சொடுக்கில் கிடைக்கிறது. ஏன் விடப்பட்டது என்று சொல்ல வேண்டியதுகூட இல்லை. உ.வே.சா. புள்ளியிட்ட இடங்களில் செல்லின் நோக்கத்தை விளக்கவில்லை.

ஆங்கில விக்கிப்பீடியாவிலேயே, ஒரு கட்டுரையின் பகுதியை மற்றொன்றில் உட்சேர்க்கும் வார்ப்புரு ஒன்று, அப்பகுதியின் தலையில் ‘இது இந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்ட பகுதி’ என்ற வரியைத் தானாகவே இடுகிறது. எடுத்ததைச் சொல்ல ஒரு வரியைத் தானியங்கியாக்க முடிந்தவர்களுக்கு, விட்டதைச் சொல்ல இன்னொரு வரியைச் சேர்ப்பது கடினமன்று. நீக்கும் கட்டளையில் நீக்கப்படும் பகுதியின் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அதை வாசகர் கண்ணில் படும்படி அச்சிடுவது மட்டுமே மீதம். தமிழ் விக்கியில் வார்ப்புருக்களை அமைக்கும் தன்னார்வலர்கள் இதை ஒரு மாலையில் செய்து முடிக்கக்கூடியவர்கள்.

பல்கலைக்கழகத் துறைகள் அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. முதுகலை வகுப்பில் விக்கிப் பக்கம் ஒன்றைத் தழுவி எழுதச் சொல்லும் ஆசிரியர், தழுவலோடு விடுபட்டவற்றின் பட்டியலையும் கேட்கலாம். காளிகாட் பக்கத்தையே கொடுத்துப் பார்க்கலாம். ஒரே பக்கத்திலிருந்து முப்பது மாணவர்கள் முப்பது தழுவல்களைக் கொண்டுவருவர். தழுவல்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கக்கூடும். விடுபட்டவற்றின் பட்டியல்களை அடுக்கி வைத்துப் படிப்பதற்கே அந்த வகுப்பின் மீதி நேரம் போதாது.